படத்தில் என்ன கோளாறு? அதைப் பார்த்து வாங்குங்கள் கமராச் சாமான்

போன ஆடி மாதம் கனடாவில் இருந்து விடுமுறைக்கு வந்த சித்தியின் மகன், புதுக் கமராவையும் அதோடு சேர்த்து வாங்கிய ஒரு பெரிய பொதியையும் எங்கள் வீட்டு விறாந்தையில் பரப்பினான். எண்ணிப் பார்த்தோம், 38 சாமான். உள்ளங்கை அளவில் ஒரு ட்ரைபொட், நிறநிறமாக நான்கு பில்டர், லென்ஸுக்கு முன்னால் திருகும் அகலக்கண்ணாடி ஒன்று, மெமரி கார்ட் வைக்கிற பர்ஸ், திரைக்கு ஒட்டுகிற தாள், துடைக்கிற துணி மட்டும் மூன்று.

"அண்ணா, இவ்வளவும் இருந்தும் படம் வெளிறித்தான் வருது. என்னெண்டு ஒருக்கா பாருங்கோ" என்றான்.

பார்த்தேன். அந்த 38இல் ஒன்றுதான் படத்தை வெளிறவைத்துக்கொண்டிருந்தது. கழற்றலாம் என்றால் அது இறுகிப்போய் அசைய மறுத்தது. அந்தக் கதை கடைசியில்.

ஒன்பது வருடம் கலியாண வீடுகளில் கமரா தூக்கித் திரிந்தவன் நான். இப்போது திருகோணமலையில், உவர்மலையில் வீட்டோடு இருக்கிறேன். தெரிந்தவர்கள் கமராவோடு வந்தால், "என்ன வாங்கலாம்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் "கெட்டுப்போன படம் ஒன்றைக் காட்டுங்கள்" என்பேன். படத்தைப் பார்த்தால் பாதிக் கோளாறு காசு செலவில்லாமலே தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு எந்தச் சாமான் வேண்டும் என்பதும் அப்போது தானாகத் தெரியும். அதனால் இதைக் கோளாறு கோளாறாக எழுதுகிறேன். உங்களுடையது எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போங்கள்.

தொடங்கும் முன் ஒன்று. ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றிப் படம் எடுத்துப் பாருங்கள். பில்டரையும் கழற்றி, செட்டிங்கையும் மாற்றி, இடத்தையும் மாற்றினால் எது சரிசெய்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

படம் முழுக்கப் பால் ஊற்றினதுபோல வெளிறுகிறது

எங்கள் ஊரில் அதிகம் கேட்கும் முறைப்பாடு இதுதான். காரணம் ஐந்து இருக்கலாம். எளிதானதில் இருந்து போவோம்.

முதலில் லென்ஸின் முன்னால் இருக்கும் பில்டரைக் கழற்றி அதே படத்தை மறுபடி எடுங்கள். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். பில்டருக்கு இரண்டு பரப்பு. அந்த ஒளி லென்ஸுக்குள் அங்கும் இங்கும் மோதிக் கடைசியில் படத்தின் கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். "பாதுகாப்புக்கு" என்று சொல்லிக் கடைக்காரர் மாட்டிவிடும், புறஊதாவைத் தடுக்கும் மலிவு யுவி பில்டர்தான் பெரும்பாலும் குற்றவாளி. இரவில் தெருவிளக்கைப் படம் எடுத்தால் அதே விளக்கு தலைகீழாக இன்னோர் இடத்தில் பச்சையாக மிதக்கிறதா? அதுவும் இதே பில்டரின் வேலை. டிஜிட்டல் கமராவுக்குள் படத்தைப் பதிகிற சென்சருக்கு முன்னாலேயே யுவியைத் தடுக்கும் கண்ணாடி இருக்கிறது. ஆகவே இந்த பில்டரால் படத்துக்கு நன்மை ஒன்றும் இல்லை. மணலும் உப்புத் துளியும் பறக்கிற இடத்தில் கவசமாக வேண்டுமென்றால், பலபடிப் பூச்சுள்ள நல்லது ஒன்றை வாங்கி, கடற்கரையில் மட்டும் மாட்டுங்கள்.

பில்டர் இல்லாமலும் வெளிறினால், சூரியன் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். காலையில் டச்சு விரிகுடாக் கரையில் நின்று கோணேசர் மலையை எடுக்கும்போது வெயில் வலப்பக்கம் கடலில் இருந்து சாய்வாக லென்ஸில் விழும். இடக்கையால் கமராவைப் பிடித்தபடி, வலக்கையை லென்ஸுக்கு மேலே நெற்றியில் வைப்பதுபோல வைத்து நிழல் விழுத்துங்கள். திரையில் நிறம் சட்டென்று அடர்த்தியாகிறதா? அப்படியானால் உங்களுக்கு வேண்டியது லென்ஸ் ஹூட், லென்ஸின் முன்னால் மாட்டி நிழல் விழுத்தும் கூடு. எல்லாச் சாமானிலும் காசுக்கு அதிகம் உழைப்பது இதுதான் என்பது என் கணிப்பு. மழைத்துளி, விரல் அடையாளம், கதவில் இடிப்பது எல்லாவற்றையும் அதுவே வாங்கிக்கொள்ளும். உங்கள் லென்ஸின் பெயருக்கென்றே செய்ததை வாங்குங்கள். பொதுவான ரப்பர் ஹூட்டை அகல லென்ஸில் போட்டால் நான்கு மூலையும் கறுக்கும். ஹூட்டைப் பின்பக்கமாகத் திருப்பி மாட்டியபடியே படம் எடுப்பவர்களை மலையடியில் நாளுக்குப் பத்துப் பேராவது பார்க்கலாம். அது பைக்குள் வைப்பதற்கான நிலை.

மூன்றாவது உப்பு. நான் குடியிருக்கும் இடத்தின் பெயரிலேயே உவர் இருக்கிறது, அதனால் அனுபவத்தில் சொல்கிறேன். கடற்கரையில் அரை மணிநேரம் நின்றாலே லென்ஸில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் படியும். லென்ஸைச் சரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் மூச்சுவிட்ட கண்ணாடிபோல மங்கலாகத் தெரியும். உலர்ந்த துணியால் தேய்க்கவே கூடாது, உப்போடு மணல் சேர்ந்து கோடு போட்டுவிடும். முதலில் ரப்பர் ஊதியால் துகளைப் பறக்கவிடுங்கள். பிறகு லென்ஸ் திரவம் இரண்டு சொட்டு, லென்ஸில் அல்ல, துணியில் விட்டு, நடுவில் இருந்து வெளியே வட்டமாகத் துடையுங்கள். கமராவின் உடம்பை நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் இன்னொரு தடவை. ஊதி, துணி, திரவம் இந்த மூன்றும் ஒரு நேர மதியச் சாப்பாட்டுக் காசுக்குக் கொஞ்சம் கூட வரும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

நான்காவது, ஏசி வாகனத்தில் இருந்து நிலாவெளியில் இறங்கியவுடன் வரும் மங்கல். குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று பட்டு வியர்க்கிறது. துடைத்தால் மறுபடி வரும். இறங்க முன்பே கமராவை வாய் இறுகும் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, வெளியே கொண்டுவந்து அரை மணிநேரம் கழித்துத் திறவுங்கள். வியர்வை பையின் வெளியே படியும், கமராவில் படியாது. சொப்பிங் பையை முடிச்சுப் போட்டாலும் வேலை செய்யும், நான் செய்திருக்கிறேன்.

இவை எதுவுமே இல்லை என்றால் வயிற்றைக் கலக்கும் ஐந்தாவது காரணம், பூஞ்சணம். லென்ஸைக் கழற்றி, ஒளி புகும் துவாரமான அப்பேர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கத்தால் போன் டோர்ச்சை அடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல, வேர்போலக் கிளைவிட்டிருந்தால் அதுதான். உள்ளே இருப்பதைத் துணியால் எட்ட முடியாது, திருத்துபவரிடம் போகவேண்டும். விட்டுவைத்தால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும்.

வராமல் தடுப்பதற்குத்தான் உண்மையில் காசு செலவழிக்க வேண்டும். காற்றின் ஈரப்பதன் 60 சதவீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். கார்த்திகை மார்கழி வாடைமழையில் எங்கள் வீட்டு அலுமாரிக்குள் அதைவிடக் கூடவே இருக்கும். மின்சார உலர்பெட்டி வாங்க வசதி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ரப்பர் விளிம்பு வைத்த, காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டி ஒன்று, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்கவேண்டும். 30க்குக் கீழே இறங்கவிடவும் வேண்டாம், ரப்பர் பாகங்களும் மசகும் காய்ந்துபோகும். நிறம் மாறுகிற சிலிக்கா ஜெல்லாக வாங்குங்கள். செம்மஞ்சள் பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். மிதமான சூட்டில் உலர்த்தினால் பழைய நிறத்துக்குத் திரும்பும். நீலத்தில் இருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அது நஞ்சு. அதைச் சமைக்கிற சட்டியில் போட்டு வறுக்கவேண்டாம். அரிசிக்குள் கமராவைப் புதைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அரிசித் தூள்தான் உள்ளே போகும்.

தோல் பைக்குள் வருடக்கணக்கில் வைப்பதும் பூஞ்சணத்துக்கு விருந்து வைப்பதுதான். பை சுமக்கிறதுக்கு, பெட்டி வைக்கிறதுக்கு.

கடல் வெள்ளையாகப் பளபளக்கிறது, வானத்தில் நீலம் இல்லை

லென்ஸ் சுத்தம், ஹூட் இருக்கிறது, ஆனாலும் நண்பகலில் உள்துறைமுகத்துத் தண்ணீர் தகரம்போல வருகிறது என்றால் அது ஒளித்தெறிப்பு. கம்ப்யூட்டரில் பிறகு திருத்த முடியாத மிகச் சில விஷயங்களில் இதுவும் ஒன்று. அதனால் வட்டத் துருவப்படுத்தி பில்டர், கடையில் சிபிஎல் என்று கேட்டால் தருவார்கள், வாங்கத் தகுந்தது. வாங்கும் முன் பரிசோதிக்க ஒரு வழி உண்டு. துருவக் கண்ணாடி போட்ட வெயில்கண்ணாடி யாரிடமாவது இருந்தால் வாங்கி லென்ஸுக்கு முன்னால் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். தண்ணீருக்கு அடியில் கல் தெரிகிறதா? அப்படியானால் பில்டரும் அதையே செய்யும்.

வாங்கியவர்கள் "இது ஒன்றும் செய்யவில்லையே" என்று திரும்பி வருவதும் உண்டு. முன் வளையத்தைச் சுழற்றவேண்டும், மாட்டினால் மட்டும் போதாது. இரண்டாவது, சூரியனுக்கு நேரேயோ சூரியனை முதுகில் வைத்தோ நின்றால் வானத்தில் பலன் இல்லை. சுட்டுவிரலைச் சூரியனை நோக்கி நீட்டி, பெருவிரலைச் செங்கோணமாக விரித்துக் கையைத் திருப்புங்கள். பெருவிரல் காட்டும் திசைகளில்தான் வானம் கறுநீலமாகும். மிக அகலமான லென்ஸில் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கறுத்துத் திட்டாக வரும். அது பில்டரின் பிழை இல்லை, கொஞ்சம் சூம் செய்து கோணத்தை ஒடுக்குங்கள். ஒளியில் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டொப் வரை இது விழுங்கும் (ஒரு ஸ்டொப் குறைந்தால் ஒளி பாதியாகும்), பின்னேரம் கழற்றிவிட வேண்டும்.

அளவு தெரியாமல் வாங்கி மாற்றப் போகிறவர்கள் அதிகம். லென்ஸின் முன்வளையத்திலோ மூடியின் உட்பக்கத்திலோ, வட்டத்தில் கோடு போட்ட குறிக்குப் பக்கத்தில் 49, 55, 58, 67, 77 என்று ஒரு எண் இருக்கும். அதுதான் மில்லிமீற்றரில் பில்டர் அளவு. லென்ஸ் இரண்டு மூன்று இருந்தால் பெரியதற்கு ஒரு பில்டர் வாங்கி, சின்னவற்றுக்கு அளவு கூட்டும் வளையம் போடுங்கள்.

பின்னேரப் படம் எல்லாம் ஆடிப்போகிறது

ட்ரைபொட் வாங்க ஓடாதீர்கள். முதலில் அந்தப் படத்தின் ஷட்டர் வேகத்தைத் திரையில் பாருங்கள். கையில் பிடித்து எடுக்க, லென்ஸ் எத்தனை மில்லிமீற்றரோ அதன் கீழ் ஒன்று செக்கன் வேண்டும். 200 மில்லிமீற்றர் என்றால் 1/200. சின்னச் சென்சர் கமராவில் இன்னும் வேகமாக, 1/300. அதற்குக் குறைவாக இருந்தால் ஐஎஸ்ஓவை, அதாவது சென்சரின் ஒளியுணர்வைக் கூட்டிப் பாருங்கள். கோட்டைக்குள் திரியும் மான் துள்ளியதால் கலங்கிய படத்துக்கு ட்ரைபொட் உதவவே உதவாது. அசைந்தது மான், நீங்கள் இல்லை.

சூரியன் இறங்கிய பிறகு துறைமுக விளக்குகளையோ நட்சத்திரத்தையோ எடுக்கப் போகிறீர்கள் என்றால், சரி, ட்ரைபொட் வேண்டும். ஆனால் நம்முடைய இடத்தில் அதற்கு எதிரி காற்று. கச்சான் என்றால் இங்கே கடலையும்தான், காற்றும்தான். வைகாசியில் தொடங்கி ஆவணி வரை சுழற்றியடிக்கும் இந்தக் கச்சான், கோணேசர் மலையில் இராவணன் வெட்டுப் பக்கம் நிற்கிற ஆளையே தள்ளும். சுற்றுகைபிடி வைத்த, ஒரு கிலோ கூட இல்லாத மலிவு ட்ரைபொட் அதில் வீணைக்கம்பிபோல அதிரும். ஏற்கெனவே அப்படி ஒன்று இருந்தால்: நடுத்தண்டை மேலே இழுக்காதீர்கள், கடைசி மெல்லிய காலை நீட்டாதீர்கள், நடுவில் பையைத் தொங்கவிடுங்கள். ஆனால் பை காற்றில் ஆடினால் அதுவே ஆட்டும், நிலத்தில் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். 2 செக்கன் டைமர் போடுங்கள். லென்ஸில் உள்ள அசைவுதடுப்பை நிறுத்துங்கள். ரிமோட் வாங்குவது அதற்குப் பிறகு யோசிக்கவேண்டிய விஷயம். பெரும்பாலான புதுக் கமராக்களுக்கு உங்கள் போனே ரிமோட்.

புதிதாக வாங்கினால் முறுக்குப் பூட்டா, நெம்புப் பூட்டா என்று கேட்பார்கள். கடற்கரைக்காரர்களுக்கு நெம்பு நல்லது, மணல் புகுந்தாலும் கழுவலாம். வீட்டுக்கு வந்ததும் கால்களை நல்ல தண்ணீரில் கழுவி விரித்துக் காயவிடுங்கள். ஒருநாள் சோம்பல்பட்டு மடித்து வைத்தேன். அடுத்த மாதம் கீழ்க்கால் வெளியே வரவே இல்லை.

கமராவின் அடியில் மாட்டும் தகடு தொலைவதுதான் ட்ரைபொட் வீணாவதற்கு முதற்காரணம். அதன் ஆணி எல்லாக் கமராவுக்கும் ஒன்றுதான், கால் அங்குலம். ஆனால் தகட்டின் வடிவம் கம்பனிக்குக் கம்பனி வேறு. பல கம்பனிகளுக்கும் பொதுவான ஆர்கா வகைத் தகடு ஏற்கும் தலையாக வாங்கினால் பிறகு தகடு தேடி அலையத் தேவையில்லை.

அலை பஞ்சுபோல வரவில்லை

பகலில் பஞ்சுபோல எடுக்க ஒளியைக் குறைக்கும் என்டி பில்டர் வேண்டும், வேறு வழியில்லை. 1000 என்று எழுதியது 10 ஸ்டொப் குறைக்கும்: 1/125 செக்கன் 8 செக்கன் ஆகும். இதை மாட்டினால் கமராவுக்குக் கண் தெரியாது. முதலில் போக்கஸ் செய்து, மனுவலுக்கு மாற்றி, அப்புறம் திருகுங்கள். சுழற்றிக் கூட்டிக் குறைக்கும் மலிவு வகையில் உச்சத்துக்குப் போனால் படத்தின் நடுவில் பெருக்கல் குறிபோல ஒரு கறுப்பு விழும். கொஞ்சம் பின்னுக்குச் சுழற்றுங்கள், போய்விடும்.

எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கரும்புள்ளி

லென்ஸின் முன்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்திருப்பீர்கள், போயிருக்காது. அது சென்சரில் உள்ள தூசி. அப்பேர்ச்சரை எஃப் 16இல் வைத்து வெறும் வானத்தை எடுங்கள், கொள்ளையாகத் தெரியும். படத்தின் மேலே தெரிந்தால் தூசி சென்சரின் கீழே இருக்கிறது, விம்பம் தலைகீழாக விழுவதால். கமராவின் சுத்தம்செய்யும் மெனுவைத் திறந்து, லென்ஸைக் கழற்றி, கமராவின் வாயைக் கீழே பார்க்கப் பிடித்து, ரப்பர் ஊதியால் நான்கைந்து தடவை. வாயால் ஊதினால் எச்சில் படும். அழுத்தக் காற்று டின்னால் அடித்தால் திரவம் தெறித்து ஒட்டிவிடும். ஊதியும் போகாத ஒட்டுத் தூசிக்கு மட்டும், உங்கள் சென்சர் அளவுக்கென்றே விற்கும் துடைகுச்சியும் திரவமும். கை நடுங்கும் என்றால் கொடுத்துச் செய்வியுங்கள்.

கச்சான் அடிக்கும்போது கடற்கரையில் லென்ஸ் மாற்றாதிருந்தால் இந்தப் பகுதியே உங்களுக்குத் தேவைப்படாது.

மெமரி கார்ட் தகராறு: வீடியோ இடையில் நிற்கிறது, படம் காணாமல் போகிறது

வீடியோ நின்றால் எத்தனையாவது நிமிடத்தில் நின்றது என்று பாருங்கள். அதுவே பதில் சொல்லும். 29 நிமிடம் 59 செக்கனில் நின்றால் கார்ட்டின் மேல் பிழை இல்லை. 30 நிமிடம் தாண்டிப் பதிவு செய்தால் வீடியோக் கமரா என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் கூடுதல் சுங்கவரி இருந்தது. அதற்காகவே பல கமராக்களில் அந்த எல்லையை வைத்துவிட்டார்கள். பத்து இருபது நிமிடத்தில் சூட்டுக் குறி காட்டி நின்றால் வெயில். நிழலுக்குப் போங்கள், திரையைக் கமராவின் உடம்பில் இருந்து விலக்கித் திறந்துவிடுங்கள். தொடங்கிச் சில செக்கனிலேயே நின்றால் அப்போதுதான் கார்ட் மெதுவானது.

கார்ட்டின் முகத்தில் பெரிதாக எழுதியிருக்கும் 100, 170 எல்லாம் வாசிக்கும் வேகம். நமக்கு வேண்டியது எழுதும் வேகம், அதுவும் குறையாமல் நிற்கும் வேகம். வி30 என்ற குறி இருந்தால் செக்கனுக்கு 30 மெகாபைட் உறுதி. சாதாரண 4கே வீடியோ 100 மெகாபிட் என்றால் அது 12.5 மெகாபைட்தான், எட்டால் வகுக்கவேண்டும். ஆகவே வி30 தாராளம். வி90க்குக் காசைக் கொட்டாதீர்கள்.

"கார்ட் பூட்டியிருக்கிறது" என்று வந்தால் பக்கத்தில் உள்ள சின்ன நகர்த்தி கீழே இறங்கியிருக்கும். மேலே தள்ளுங்கள். மைக்ரோ கார்ட்டை அடப்டரில் போட்டுப் பாவிப்பவர்களுக்குப் பிழைச்செய்தி அடிக்கடி வந்தால் முதலில் அடப்டரைச் சந்தேகியுங்கள்.

மோசமானது போலிக் கார்ட். எனக்கே நடந்தது. ஒரு கடையில் பாதி விலைக்கு 64 ஜிபி கார்ட் வாங்கி, சொந்தத்தில் ஒரு பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்குக் கொண்டுபோனேன். கமரா 64 என்றுதான் காட்டியது. வீட்டுக்கு வந்து திறந்தால் ஆரம்பத்தில் எடுத்த கொஞ்சம் திறந்தது, மீதி எல்லாம் வெறும் பெயர். உள்ளே இருந்தது சின்னக் கார்ட், பெரிய எண்ணைச் சொல்லும்படி மாற்றி வைத்திருக்கிறார்கள். ஆரத்தி எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. அந்தக் குடும்பத்தின் முகத்தை நேரே பார்க்க எனக்கு மாதக்கணக்கானது. அன்றில் இருந்து எந்தக் கார்ட் வாங்கினாலும், எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் கடைசி பைட் வரை எழுதி வாசித்துப் பார்த்த பிறகுதான் கமராவில் போடுகிறேன். ஒரு பெரிய கார்ட்டுக்குப் பதில் இரண்டு நடுத்தரக் கார்ட். படத்தைக் கொப்பி பண்ணிய பிறகு, கமராவிலேயே ஃபோமட்.

தவறி அழித்துவிட்டால் அந்தக் கார்ட்டில் இன்னொரு படமும் எடுக்காமல் வெளியே எடுத்து வையுங்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் பெரும்பாலும் மீட்டுத் தரும்.

பற்றரி மதியத்துக்கே முடிந்துவிடுகிறது

உள்ளே ஆடி இல்லாத மிரர்லெஸ் கமராவானால் ஒரு பற்றரிக்கு 300, 400 படம் என்பது சாதாரணம், பழுதில்லை. வைஃபை, புளூடூத், ஜிபிஎஸ் மூன்றையும் நிறுத்திவிட்டு ஒருநாள் பாவித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் போதாவிட்டால் இரண்டாவது பற்றரி, பயணம் போகிறவருக்கு நான் தயங்காமல் சொல்லும் சாமான்.

வேறு கம்பனியின் மலிவுப் பற்றரி வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் எண்ணைப் பாருங்கள். சோனியின் என்பி-எஃப்டபிள்யூ50 பற்றரி 1020 மில்லியாம்பியர் மணி. அதே அளவுக் கூட்டில் 2000 என்று எழுதியிருந்தால் எழுதியவரின் கற்பனைக்குக் காசு கொடுக்கிறீர்கள். உப்பிப் பெருத்த பற்றரியைப் பாவிக்கவே வேண்டாம், கமராவுக்குள் சிக்கினால் வெளியே எடுக்க முடியாது. வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் விடுவதுதான் பற்றரியைக் கொல்லும். மாதக்கணக்கில் வைக்கும்போது பாதிச் சார்ஜில் வையுங்கள். விமானத்தில் வருகிறவர்கள் உபரிப் பற்றரியைக் கைப்பையில்தான் கொண்டுவரவேண்டும்.

பிளாஷ் போட்டால் படம் கெடுகிறது

படத்தின் கீழே அரைவட்ட நிழலா? கமராவோடு வரும் பிளாஷின் முன்னால் ஹூட் மறைக்கிறது, ஹூட்டைக் கழற்றுங்கள். படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டையா? ஷட்டர் வேகத்தை 1/200க்கு இறக்குங்கள். தூரத்தில் உள்ள கோயில் இருட்டாகவே இருக்கிறதா? பிளாஷை மடித்துவிடுங்கள். சின்ன பிளாஷின் வழிகாட்டி எண் ஏறக்குறைய 12. அதை எஃப் எண்ணால் வகுத்தால் எட்டும் தூரம் மீற்றரில் வரும். எஃப் 4 என்றால் 3 மீற்றர். கோணேசர் மலையை டச்சு விரிகுடாவில் நின்று பிளாஷ் அடித்து எடுப்பவர், முன்னால் போகிற ஓட்டோவைத்தான் வெளிச்சமாக்குகிறார்.

முகம் எண்ணெய் வழிந்ததுபோல வந்தால், தலை திரும்பும் தனி பிளாஷ் வாங்கி வெள்ளைக் கூரையில் அடித்துத் தெறிக்கவிடுங்கள். பந்தலுக்குள் மட்டும் கவனம். சிவப்புச் சீலை கட்டிய கூரையில் அடித்தால் மாப்பிள்ளை பொம்பிளை இரண்டு பேருமே சிவந்துவிடுவார்கள்.

வீடியோவில் காற்று இரையுது, பேச்சுக் கேட்கவில்லை

மைக்கில் மாட்டும் கறுப்பு ஸ்பொஞ்ச் மூச்சுக் காற்றுக்குத்தான். கடற்கரைக்கு உரோமம் வைத்த உறை வேண்டும், பூனைக்குட்டிபோல இருக்கும். காசு அதிகமில்லை.

போனுக்கு வாங்கிய சட்டையில் குத்தும் மைக்கைக் கமராவில் செருகினால் சத்தமே வராமல் போகலாம். செருகியின் உலோக முனையில் உள்ள கறுப்பு வளையத்தை எண்ணுங்கள். மூன்று என்றால் போனுக்கு, இரண்டு என்றால் கமராவுக்கு. நடுவில் ஒரு சின்ன மாற்றுக்கம்பி போட்டால் சரி.

திமிங்கிலம் கடுகளவு, பவளப்பாறை பச்சை

மார்ச்சில் இருந்து ஓகஸ்ட் வரை படகில் போய் நீலத்திமிங்கிலம் பார்த்து வருபவர்கள் அடுத்த நாளே, லென்ஸுக்கும் கமராவுக்கும் நடுவில் மாட்டித் தூரத்தைப் பெரிதாக்கும் டெலிகன்வேட்டர் விலை கேட்பார்கள். 1.4 மடங்கு கன்வேட்டர் ஒரு ஸ்டொப் ஒளியைத் தின்னும், 2 மடங்கு இரண்டைத் தின்னும். கமராவோடு வந்த சாதாரண சூம் லென்ஸுகளில் அது பொருந்தவும் மாட்டாது. லென்ஸுக்கு முன்னால் திருகும் "தொலைக்கண்ணாடி" படத்தை மங்கவைக்க மட்டுமே உதவும். நீண்ட லென்ஸை ஒருநாளைக்கு வாடகைக்கு எடுங்கள். 1/1000 செக்கன் வையுங்கள். படகில் ட்ரைபொட் வேண்டாம், எஞ்சின் அதிர்வு கால்வழி ஏறும்.

புறாமலைத் தீவில் தண்ணீருக்குள் எடுத்த படம் பச்சை நீலமாக இருப்பது கமராவின் குற்றமில்லை. தண்ணீர் சிவப்பைத்தான் முதலில் குடிக்கும். ஒரு மீற்றர் அளவுக்குள் போய் எடுத்தால் நிறம் பாதி திரும்பும். நீர்புகாப் பையை நம்பும் முன் உள்ளே டிஷ்யூத் தாள் மட்டும் வைத்து, வாளித் தண்ணீரில் அரை மணிநேரம் அமுக்கிப் பாருங்கள். 2003 முதல் புறாமலை தேசியப் பூங்கா. படத்துக்காகப் பவளத்தில் கால் வைக்கவேண்டாம்.

பில்டர் இறுகிக் கழலவில்லை

சித்தி மகனின் கதைக்கு வருகிறேன். இறுகின பில்டரை விரல்நுனியால் அமுக்கிப் பிடித்தால் வளையம் முட்டைவடிவமாகி இன்னும் இறுகும். குறட்டால் பிடித்தால் நெளியும். சுற்றிலும் ஒரே சீராகப் பிடி கிடைக்கவேண்டும். அகலமான ரப்பர் பட்டியை வளையத்தைச் சுற்றிப் போட்டு, அழுத்தாமல் முழுக் கையாலும் திருகிப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால், பழைய ரப்பர்ச் செருப்பைக் கழுவிக் காயவைத்து, அடிப்பக்கம் மேலே பார்க்க மேசையில் வைத்து, லென்ஸை அதன் மேல் கவிழ்த்து, நேராக மெல்ல அமர்த்தி இடப்பக்கமாகச் சுற்றுங்கள். ரப்பர் வளையத்தை முழுவதுமாகப் பிடித்துக்கொள்ளும். உப்பு இறுகியிருந்தால் விளிம்பில் ஒரு சொட்டு நல்ல தண்ணீரைக் குச்சியால் தொட்டு வைத்து, பத்து நிமிடம் பொறுத்து மறுபடி. எண்ணெய் விடவேண்டாம், உள்ளே ஊறும்.

அவனுடைய பில்டர் செருப்பில்தான் கழன்றது. சித்தியுடைய செருப்பு. கழன்றதும் பில்டரை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துக் காட்டினேன். உள்பக்கத்தில், விமானத்தில் வந்த ஈரமோ என்னவோ, பாலாடைபோல ஒரு படலம். வெறும் லென்ஸோடு முற்றத்து மாமரத்தை ஒரு படம் எடுத்தான். திரையைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான், பிறகு மிச்சம் 37 சாமானையும் பார்த்தான்.

"அண்ணா, இந்த ஊதியையும் இந்தத் துணியையும் நான் எடுக்கிறன். மற்றதை என்ன செய்ய?"

கார்ட் வைக்கிற பர்ஸை நான் வைத்துக்கொண்டேன். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட அளவாக இருக்கிறது.